என் மகள் நின்று அளந்த வீடு

வீட்டை விற்பதற்காகப் படம் எடுத்தோம் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்குப் புதுக்கோட்டையில் அது ஊர் சிரிக்கிற காரியம். வீடு வாங்குகிறவர் நேரில் வருவார், தூணைத் தட்டிப் பார்ப்பார், கிணற்றை எட்டிப் பார்ப்பார், ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு திரும்பி வரவில்லை.

காரணம் என் மகள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டின் இரண்டாம் கட்டில், முற்றம் தாண்டிய உள் பகுதியில்தான் பிறந்தாள். அதனால் வீடு ராசியில்லாத வீடாகிவிட்டதாம். என் மாமனார் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தபோது கட்டிய வீடு அது. அதே வீட்டில் பிறந்த என் கணவருக்கும் நாத்தனாருக்கும் காது நன்றாகவே கேட்கும். நாத்தனாருக்குத் தேவைக்கு மேலேயே கேட்கும். அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? யாரோ ஒருத்தி ராசி என்றாள், ஊர் முழுக்க ராசி என்றது.

சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். திருச்சியில் ஒரு டாக்டர்தான் எங்களுக்கு வழி சொன்னார். மதராஸில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, பேசவும் எழுதவும் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றார். எழுதிக் கேட்டோம். பதில் வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஏழு வயது தாண்டியிருக்கக் கூடாது. விடுதியில் இடமில்லை, பெற்றோர் மதராஸிலேயே குடியிருக்க வேண்டும். என் மகளுக்கு ஆடியில் ஏழு முடிகிறது. அந்த ஜூனை விட்டால் அவளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது.

என் கணவர் தையற்காரர். மிஷினை எங்கே கொண்டு போய் வைத்தாலும் பிழைத்துக்கொள்வார். ஆனால் மதராஸில் கடை பிடிக்கவும் வீடு பிடிக்கவும் கையில் ஏதாவது வேண்டாமா? எங்களிடம் இருந்தது இந்த வீடு ஒன்றுதான்.

அப்போதுதான் பினாங்குக்காரர் வந்தார், அதாவது அவர் கடிதம் வந்தது. மணமேல்குடிப் பக்கத்துக்காரர், பினாங்கில் கடை வைத்திருந்தார். பிள்ளைகளைப் புதுக்கோட்டையில் வைத்துப் படிக்க வைக்க வீடு தேடினார். அவருடைய மைத்துனர் எங்கள் கடையில் சட்டை தைத்துக்கொள்பவர், அவர் மூலமாக விஷயம் போயிருந்தது. தன்னால் இப்போது கப்பல் ஏற முடியாது, வீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்.

படம் பிடிப்பதென்றால் எங்களுக்குத் தெரிந்தது ஆட்களை நிறுத்தி எடுப்பதுதான். கல்யாணம், காதுகுத்து, சாவு. ஆள் இல்லாமல் படம் என்று ஒன்று இருக்க முடியும் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டைப் படம் எடுக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் வல்லத்திராக்கோட்டையிலிருந்து நாத்தனார் பஸ் ஏறி வந்துவிட்டார், கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு. கூடவே அவர் கணவரும் கொழுந்தனாரும் அவர்கள் பிள்ளைகளும். முன் சுவருக்கு வெள்ளையடித்தோம். பக்கத்து வீட்டில் நாலு நாற்காலி கடன் வாங்கினோம். டீப்பாய் மேல் காகிதப் பூ ஜாடியும், வீட்டில் கடிகாரம் உண்டு என்று பினாங்கில் தெரியட்டும் என்று அலாரம் கடிகாரமும் வைத்தோம். என் கணவர் கைக்கடிகாரம் தெரியும்படி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வாசற்கதவுக்கு நேராகப் பதினொரு பேர் மூன்று வரிசையாக நின்றோம்.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டு, "எல்லாரும் நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்றார். நெருங்கி நின்றோம். கதவு முழுசாக மறைந்தது.

அந்தப் பதினொரு பேரில் என் மகள் இல்லை. நாத்தனார் அவளைக் காலையிலேயே கொல்லைப்புறம் கொண்டுபோய் விட்டுவிட்டார். "புள்ளை படத்துல நின்னா யாரு என்னன்னு கேப்பாக. பினாங்குல இருக்கவுகளுக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்?" என்றார். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று தெரு முழுக்கப் பெயர். பால்காரர் முதல் முனிசிபாலிட்டி ஆள் வரை என் வாய்க்குப் பயப்படுவார்கள். அன்றைக்கு அந்த வாயைத் திறக்கவில்லை. வீடு விற்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

படத்தை அனுப்பினோம். மாசி மாதம் பதில் வந்தது. கணவர் உரக்கப் படித்தார்.

"தங்கள் குடும்பத்தார் அனைவரும் சுகமாக இருப்பதைப் படத்தில் கண்டு மகிழ்ச்சி. தாங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் வீடு இருக்கிறது என்று நம்புகிறேன். அதைப் பார்க்க விரும்புகிறேன்."

என் கணவருக்கு முகம் செத்துவிட்டது. நான் சிரித்தே விட்டேன். அந்த மனிதர் யாரோ எவரோ, எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. கடிதத்தின் மீதி சிரிப்பல்ல, வேலை. முகப்பு, முற்றம், கூடம், அறைகள், அடுப்படி, கிணறு எல்லாவற்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வெறும் இடத்தை எடுத்தால் தூண் ஆள் உயரமா முழங்கால் உயரமா என்று தெரியாது, ஆகவே ஒவ்வொரு படத்திலும் ஒரே ஓர் ஆள் நிற்க வேண்டும். எல்லாப் படத்திலும் அதே ஆள். அந்த ஆளின் உயரத்தைப் படத்தின் பின்னால் எழுத வேண்டும். கடைக்காரர் இல்லையா, அளக்காமல் எதையும் வாங்க மாட்டார்.

இந்தத் தடவையும் நாத்தனார் பஸ் ஏறி வந்துவிட்டார். போட்டோக்காரர் மறுபடி வந்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், என்னைவிடக் கோபக்காரர். வெயில் முற்றத்தில் இறங்குகிற பத்து மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லி அப்படியே வந்தார். முகப்பு சுலபமாக முடிந்தது. உள்ளே வந்ததும் தகராறு தொடங்கியது. எங்கள் கூடத்தில் பகலிலும் பாதி இருட்டு. "வெளிச்சம் பத்தாதுங்க. கேமரா மூடியைத் தொறந்துட்டு அரை நிமிசம் எண்ணணும். அரை நிமிசமும் ஆள் செலையா நிக்கணும். அசைஞ்சா ஆவி மாதிரி விழும்" என்றார்.

முதலில் என் கணவரை நிறுத்தினார். தூணோரம் விறைத்து நின்றார் மனிதர். போட்டோக்காரர் பதினேழு என்று எண்ணும்போது தெருவிலிருந்து யாரோ "டெய்லரண்ணே" என்றார்கள். இவர் திரும்பிவிட்டார். படம் விழுகிற கண்ணாடிப் பிளேட் ஒன்று வீணாகப் போயிற்று. மறுபடி நின்றார். இந்தத் தடவை பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது. அதற்கும் திரும்பினார். இரண்டாவது பிளேட்டும் போயிற்று.

"ஏங்க, ஒரு அரை நிமிசம் அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காம இருக்க முடியாதா ஒங்களால?" என்றேன்.

"கூப்புட்டா திரும்பாம என்ன செய்வாக? நீ நின்னு பாரேன்" என்றார்.

நின்றேன். எண்ணிக்கை பத்தைத் தாண்டுவதற்குள், "மதினி, அடுப்புல பால் பொங்குது பாருங்க" என்று நாத்தனாருக்குக் குரல் கொடுத்துவிட்டேன். போட்டோக்காரர் துணியிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மூன்றாவது பிளேட்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பிளேட்டைப் போடுவதற்கு முன் மறுபடி துணிக்குள் புகுந்தார். புகுந்தவர் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "அம்மா, தூண்கிட்ட நிக்குறது யாரு?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் மகள். யாரும் கூப்பிடாமலே கொல்லையிலிருந்து வந்து, அப்பா நின்ற இடத்தில் அப்பா நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டி, தாடை கொஞ்சம் உயர்ந்து, கண் கேமராவின் மேல். பாவாடை நுனியில் ஈரம். அவள் கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளை இல்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிற பிள்ளை. நாங்கள் மூன்று பிளேட்டை வீணடித்ததைக் கொல்லை வாசலில் நின்று முழுக்கப் பார்த்திருக்கிறாள்.

நாத்தனார் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். "அவ வேணாங்க. அவளுக்குக் காது கேக்காது. நீங்க எண்ணுறது தெரியாது."

போட்டோக்காரர் பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். "கைய விடுங்க மதினி. அவ நிப்பா."

"இந்தா பாரு, வீடு விக்கணுமா வேணாமா ஒனக்கு?"

"யாருக்காக விக்கிறோம்? அவளுக்காகத்தானே விக்கிறோம். அவளை ஒளிச்சு வச்சுத்தான் விக்கணும்னா, எனக்கு வீடு விக்கவே வேணாம்."

நாத்தனார் கையை விட்டார். போட்டோக்காரர் என் மகளின் எதிரே போய்க் குனிந்தார். வலது கையை உயர்த்திக் காட்டி, தானே சிலைபோல நின்று காட்டினார். கையை இறக்கி, தோளைத் தளர்த்திக் காட்டினார். அவ்வளவுதான் பாடம். அவள் தலையை ஆட்டினாள்.

கையை உயர்த்தினார். மூடியைத் திறந்தார். வாய்க்குள்ளேயே எண்ணினார். தெருவில் மாட்டு வண்டி போயிற்று, யாரோ கூப்பிட்டார்கள், சுவர் மேல் காக்கை கத்தியது. என் கணவர் ஒவ்வொன்றுக்கும் திரும்பினார். அவள் திரும்பவில்லை. கண் இமைத்தாளா என்றுகூட எனக்குச் சந்தேகம். மூடியைப் போட்டுவிட்டு அவர் பிளேட்டை உருவுவதில் மும்முரமாகிவிட்டார், உயர்த்திய கை எப்போதோ தானாகத் தாழ்ந்து பெட்டி மேல் இருந்தது, ஆனால் அவளைப் பார்த்து இறக்கிக் காட்டவில்லை. அவள் அப்படியே நின்றாள். கன்னத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அப்போதும் நின்றாள். நான்தான் அவர் தோளைத் தட்டி, "கைய எறக்கிக் காட்டுங்கண்ணே" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துப் பதறிப்போய்க் கையை உயர்த்தி இறக்கிக் காட்டினார். இவள் ஈயை விரட்டிவிட்டுச் சிரித்தாள்.

"தாசில்தாரையெல்லாம் எடுத்திருக்கேன்மா. ஒருத்தரும் இப்படி நின்னதில்லை" என்றார் அவர்.

அன்று ஒன்பது படம். எல்லாப் படத்திலும் ஒரே ஆள் வேண்டுமே என்று முகப்பையும் அவளை நிறுத்தி மறுபடி எடுத்தார். கூடத்தில் நின்றாள், அறைகளில் நின்றாள், அடுப்படியில் நின்றாள், கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலா மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளே முன்னால் போய் அடுத்த இடத்தில் நின்றுகொண்டு, வாருங்கள் என்று கை காட்டுவாள். போட்டோக்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். என் மகள் ஒரு பெரிய மனிதரை வேலை வாங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று, ஒளிக்காமல் சொல்கிறேன்.

படங்கள் வந்தபோது என் கணவர் ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். நாற்பது வருஷத்து வீடு அத்தனை அழகாக இருக்கும் என்று அதில் குடியிருந்த எங்களுக்கே தெரியாது. தூணின் கடைசல், நிலைப்படியின் பூவேலை, முற்றத்து வெயில், எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் அவள், ஒரு இழை கலங்காமல். நாத்தனார் நெடுநேரம் பார்த்தார். "ராசாத்தி மாதிரில்ல நிக்கிறா" என்றார். அவர் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிசு. நான் அதோடு விட்டேன்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் 'மூன்றே முக்கால் அடி' என்று எழுதினேன். பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதில்தான் எனக்கும் என் கணவருக்கும் சண்டை வந்தது. படத்தில் நிற்பது எங்கள் மகள், அவளுக்குக் காது கேட்காது, அவள் பிறந்ததால் இந்த வீட்டை ஊரில் ராசியில்லாத வீடு என்கிறார்கள், அதை நாங்களே உங்களுக்குச் சொல்லிவிடுகிறோம் என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டு, "இதைக் கிழிச்சுப் போடு" என்றார். "வாராத ஆள் வந்திருக்காரு. அவரையும் நீயே வெரட்டி விடுறியா? சூன் மாசம் வருதுன்னு நெனப்பிருக்கா?"

"இருக்கு. எனக்கு இல்லாத நெனப்பா? மணமேல்குடிக்காரரு எப்படியும் யாராவது சொல்லிக் கேக்கத்தான் போறாரு. அப்ப அவ என்னமோ குத்தம் செஞ்ச மாதிரி ஆயிடும். அவளை நிறுத்தி வீட்டை அளந்தோம். அவ யாருன்னு சொல்லாம அனுப்பச் சொல்றீங்களா?"

அவர் மிஷினில் போய் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் அவரே தபாலாபீசுக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனவர் வழியில் கிழித்துப் போட்டிருப்பாரோ என்று ஒரு நாள் முழுக்க நான் சந்தேகப்பட்டேன். கேட்டேவிட்டேன். "போட்டுட்டேன்டி, போதுமா?" என்றார்.

பங்குனி போயிற்று. சித்திரை பாதி போயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். நான் செய்தது திமிரா, நியாயமா என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. இன்னொரு தாயாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டை விற்று மகளைப் பள்ளியில் சேர்த்திருப்பாள். நான் என் வீறாப்பால் அவள் படிப்பைக் கெடுத்துவிட்டேனா? இரவில் அவள் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கும்போது, அந்த முகத்தைப் பார்க்கவே கூசியது.

சித்திரை கடைசியில் கடிதம் வந்தது. நானே பிரித்தேன்.

கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகுமா, அல்லது துவைக்கத்தானா என்று கேட்டிருந்தார். அந்தப் பெண் நிற்கிற மூன்றாவது அறையில் ஜன்னல் கிழக்கே பார்த்ததா, தெற்கே பார்த்ததா என்று கேட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம்? ஓடு மாற்றி எத்தனை வருஷம்? படங்கள் வெகு தெளிவாக இருப்பதாகவும், பதில் சரியாக இருந்தால் மைத்துனரைப் பத்திரத்துக்கு அனுப்புவதாகவும் எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறையை உதறிப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். காதைப் பற்றியோ ராசியைப் பற்றியோ ஒரு எழுத்து இல்லை. நான் நாலு பக்கம் நெஞ்சைப் பிழிந்து எழுதியிருந்தேன், அந்த மனிதருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் முக்கியமாக இருந்தது. எங்கள் தெருவில் மூன்று பேர் சொம்பைத் தொடாமல் போனதற்கு, கடல் தாண்டி ஒருத்தர் தண்ணீர் எப்படி என்று விசாரிக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் அழுகைதான் மிஞ்சியது. என் கணவர் பயந்துபோய், "என்ன, வேண்டாம்னுட்டாரா?" என்றார்.

"தண்ணி நல்ல தண்ணின்னு எழுதுங்க" என்றேன்.

வைகாசியில் பத்திரம் முடிந்தது. மிஷினையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ரயிலில் மதராஸ் போனோம். பள்ளி திறந்த அன்று நாங்கள்தான் முதலில் போய் நின்றோம்.

தலைமை ஆசிரியை வெள்ளைச் சேலை கட்டிய அம்மாள். அதிகம் பேசாதவர். என்னை அறையின் ஓரத்தில் உட்காரச் சொன்னார். என் மகளை எதிரில் நிறுத்தி, அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். வாயை நன்றாகத் திறந்து 'ஆ' என்றார். இன்னொரு முறை சொன்னார். பிள்ளைகள் முதல் நாள் கையை உதறிவிட்டு ஓடும், பயப்படாதீர்கள் என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

இவள் ஓடவில்லை. அவர் தொண்டையையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது. பிறகு யாரும் சொல்லாமல் தன் இடது கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையையும் இந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடி காற்று. மூன்றாவது தடவை ஒரு சத்தம் வந்தது, கரகரவென்று, நீளமாக.

அவள் குரலை நான் கேட்காதவள் அல்ல. அழும்போது கேட்டிருக்கிறேன், சிரிக்கும்போது கேட்டிருக்கிறேன். ஆனால் அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஏழு வருஷமாக எங்களுக்கெல்லாம் கேட்ட குரல், அன்றைக்குத்தான் அவள் கைக்குக் கிடைத்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண் அகல விரிந்திருந்தது.

தலைமை ஆசிரியை தன் தொண்டையிலிருந்து அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு, பதிவுப் புத்தகத்தை விரித்தார். "நாளையிலேருந்து காலை ஒன்பது மணிக்குக் கொண்டு வந்து விட்டுடுங்க" என்றார். நான் சரி என்று தலையாட்டி எழுந்து, மகளைக் கூப்பிடக் கை நீட்டினேன். அவள் பிடித்துக்கொள்ள வலது கையைத்தான் கொடுத்தாள். இடது கையை வீடு போய்ச் சேரும்வரை தொண்டையிலிருந்து எடுக்கவே இல்லை.